எல்லா உடைசலும் ‘புரோக்கன்’ அல்ல

கேள்வி: பண்ருட்டி அருகே சிறிய அளவில் முந்திரி உடைத்துப் பதப்படுத்தும் ஆலை நடத்தி வருகிறோம். முதல் முறையாக வெளிநாட்டு வியாபாரி ஒருவருக்கு நேரடியாகச் சரக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறது. அவர் தம் மின்னஞ்சலில் ஸ்பிளிட்ஸ், பட்ஸ், பீசஸ், பிட்ஸ் என்று தனித்தனியாக விலை கேட்டிருக்கிறார். நாங்கள் அனுப்பிய மாதிரிப் பொட்டலத்தில் சில பருப்புகள் ‘சிப்’ ஆகியிருந்தன என்றும், ஓரிடத்தில் ‘ஷெல் ஃபிராக்மென்ட்’ கிடந்தது என்றும் எழுதியிருக்கிறார். அகராதியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ‘துண்டு’ என்றே போட்டிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் மகள், ‘பட்ஸ்’ என்பது எழுதத் தகாத சொல் என்கிறாள். எல்லாவற்றையும் ‘புரோக்கன்’ என்று எழுதினால் போதும், கடிதத்தை நானே எழுதித் தருகிறேன், விற்பனையில் ஒரு பங்கு கொடுங்கள் என்று தரகர் ஒருவர் கேட்கிறார். அப்படி எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. அந்த ஒரு சொல்லால் உங்கள் சரக்கின் விலையை நீங்களே குறைத்துக்கொள்வீர்கள். வணிகக் கடிதங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாக 28 ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஆங்கிலம் ஒரு துண்டுக்குப் பெயர் வைக்கும்போது அதன் அளவை மட்டும் பார்ப்பதில்லை. எந்தப் பொருளிலிருந்து, எந்த விதமாக அது பிரிந்தது என்பதையும் பார்க்கிறது. தமிழும் அப்படித்தான். அரிசி உடைந்தால் குருணை, இன்னும் பொடிந்தால் நொய். பானை உடைந்தால் ஓடு. மரம் பிளந்து விரலில் ஏறினால் சிராய். தேங்காயைக் கீறி எடுத்தால் பத்தை. பாக்கைச் சீவினால் சீவல். இலையில் ஒட்டிக் கிடக்கும் ஒற்றைச் சோறு பருக்கை. இவற்றில் ஒன்றை மாற்றிச் சொன்னால் நம் வீட்டுச் சிறு பிள்ளைகூடத் திருத்தும். ஆனால் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படிக்கும் அதே பிள்ளைக்கு, பீஸ், பிட், சிப், ஃபிராக்மென்ட், ஸ்கிராப் ஆகிய ஐந்துக்கும் எதிரே ‘துண்டு’ என்று எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஒரே பொருள் தரும் சொற்கள் என்று அதற்குத் தலைப்பும் கொடுத்து, மதிப்பெண்ணும் போடுகிறோம். அந்தப் பிள்ளை வளர்ந்து ஆலை நடத்தும்போது என்ன நேருமோ, அதுதான் இன்று உங்களுக்கு நேர்ந்திருக்கிறது. இதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

இப்போது உங்கள் ஆலையிலிருந்து ஒரு முழுப்பருப்பைக் கையில் எடுங்கள். அதன் நடுவே நீளவாட்டில் ஒரு கோடு ஓடுவதைப் பார்ப்பீர்கள். பருப்பு இயற்கையாகவே இரண்டு பாதிகள் ஒட்டியது என்பதற்கான அடையாளம் அது. அந்தக் கோட்டில் நகத்தை வைத்து அழுத்தினால் பருப்பு சுத்தமாக இரண்டாகப் பிளக்கும். அந்தப் பாதிதான் ‘ஸ்பிளிட்’. இன்னொரு பருப்பை எடுத்துக் குறுக்கே ஒடியுங்கள். இரண்டு பாதிகளும் ஒட்டியபடியே, நீளத்தில் மட்டும் குறைந்த ஒரு கட்டை கிடைக்கும். அது ‘பட்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தடித்த முனை, எஞ்சிய கட்டை என்று பொருள். துப்பாக்கியின் பின்கட்டையும் பட். புகைத்து எறிந்த சிகரெட்டின் அடிக்கட்டையும் பட். அமெரிக்கப் பேச்சில் அதே சொல் உடலின் பின்புறத்தைக் கொச்சையாகக் குறிப்பது உண்மைதான். உங்கள் மகள் தயங்கியதற்கு அதுவே காரணம். ஆனால் முந்திரித் தரப்பட்டியலில் அது பழுதற்ற தொழிற்சொல். அதை நாகரிகமாக்குவதாக எண்ணி ‘பாட்டம் பீஸ்’ என்று மாற்றினால், வாங்குபவருக்கு எந்தத் தரம் என்றே விளங்காது.

பீசஸ், பிட்ஸ் ஆகிய இரண்டையும் சல்லடைதான் தீர்மானிக்கிறது. இரண்டுக்கு மேற்பட்ட துண்டுகளாக உடைந்து, 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்காமல் தங்குவது ‘லார்ஜ் ஒயிட் பீசஸ்’. அதில் இறங்கி 2.80 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவது ‘ஸ்மால் ஒயிட் பீசஸ்’. அதிலும் இறங்கி 1.70 மில்லிமீட்டரில் தங்குவது ‘பேபி பிட்ஸ்’. இந்த மூன்று சல்லடைகளும் உங்கள் ஆலையில் இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் அகராதி வாங்குவதற்கு முன் அவற்றை வாங்குங்கள்.

‘புரோக்கன்’ என்ற சொல்லை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்பதை இனிச் சொல்கிறேன். டபிள்யூ 320 என்பது ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 வரை முழுப்பருப்பு நிற்கும் தரம். அந்த முழுப்பருப்புத் தரத்துக்குள் உடைசலும் அடுத்த கீழ்த்தரப் பருப்பும் சேர்ந்து, பொதியும் நேரத்தில் 5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய ஏற்றுமதித் தர விதி. ஆகவே ‘புரோக்கன்’ என்பது அங்கே ஒரு குறையின் பெயர். இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் உடைசலைக் குறிப்பது. ஸ்பிளிட்ஸ், பட்ஸ், பீசஸ் ஆகியவையோ தமக்கென விலையுள்ள சரக்கின் பெயர்கள். விற்பனைக்கு வைத்திருக்கும் நல்ல சரக்கை நீங்களே குறையின் பெயரால் அழைத்துக் கடிதம் அனுப்பினால், எதிரில் இருப்பவர் விலையைக் குறைத்துக் கேட்பது இயல்பு. நாளை வழக்கு என்று வந்தாலும் உங்கள் கையெழுத்திட்ட கடிதமே உங்களுக்கு எதிரான சான்றாக நிற்கும்.

ஆனால் இந்த விதி முந்திரிக்கு மட்டுமே என்பதை நான் சொல்லியாக வேண்டும். நீலகிரியில் தேயிலைத் தொழிலில் இருக்கும் ஒருவர் இதைப் படித்தால், ‘புரோக்கன்’ எப்படிக் குறையாகும் என்று கேட்பார். அவர் கேட்பது சரி. தேயிலையில் ‘புரோக்கன் ஆரஞ்சு பெக்கோ’ என்பது மதிப்புள்ள ஒரு தரத்தின் பெயர். அங்கே இலை உடைபடுவது விபத்தன்று; உருட்டி உடைப்பதே வேலையின் ஒரு பகுதி. அதற்கு அடுத்த சிறிய அளவு ‘ஃபேனிங்ஸ்’, அதனினும் சிறியது ‘டஸ்ட்’. நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் கொதிக்கும் டஸ்ட் டீயைத் தூசி என்று எவரும் ஒதுக்குவதில்லை. அரிசியில் நிலைமை வேறு. அங்கே உடைந்த அரிசிக்குச் சுங்கப் பட்டியலில் 1006 40 என்று தனி எண்ணே உண்டு. குறிப்பிட்ட விழுக்காட்டு அளவு வரை முழு அரிசியோடு சேர்ந்து வந்தால் அது தரத்தின் ஓர் அளவுகோல், தனியே வந்தால் அது வேறு சரக்கு. 2022 செப்டம்பரில் இந்திய அரசு உடைந்த அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, மற்ற அரிசி முழுவதுமாகத் தடைபடவில்லை. தாளில் எழுதியிருந்த ஒரு சொல்லைப் பொறுத்தே ஒரு மூட்டை கப்பல் ஏறுவதும் ஏறாததும் அமைந்தது. தேயிலைக்கார உறவினரோ அரிசி ஆலைக்கார நண்பரோ, ‘நாங்கள் புரோக்கன் என்றுதானே எழுதுகிறோம்’ என்று உங்களிடம் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வது அவர்கள் சரக்குக்குப் பொருந்தும். உங்கள் சரக்குக்குப் பொருந்தாது.

அடுத்து ‘சிப்’. உங்கள் கடிதத்தில் ஆபத்து குறைவான சொல் இதுதான், ஆனால் குழப்பம் மிகுந்ததும் இதுதான். கடினமான பொருளின் ஓரத்திலிருந்து தெறித்த சிறு சில்லும் சிப்; அந்தச் சில்லு போன இடத்தில் எஞ்சிய காயமும் சிப். விளிம்பு சிதைந்த கோப்பையை ஆங்கிலத்தில் சிப் ஆன கோப்பை என்பார்கள். கோப்பை கோப்பையாகவே இருக்கிறது, அதில் காப்பி குடிக்கலாம். ஆகவே வாங்குபவர் பருப்பு ‘சிப்’ ஆகியிருந்தது என்று எழுதியது, அது உடைந்துவிட்டது என்று சொல்வதாகாது. ஓரம் சற்றே போயிருக்கிறது, பருப்பு முழுதாகத்தான் இருக்கிறது என்பதே அதன் பொருள். எவ்வளவு ஓரம் போனால் முழுப்பருப்பாகக் கொள்ளலாம் என்ற வரம்பு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். பதிலில் நீங்களும் ‘சிப்’ என்ற சொல்லையே பயன்படுத்துங்கள்.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், கல் பலகை ஏற்றுமதி செய்த ஒருவர் தம் கோப்பை என்னிடம் கொண்டுவந்தார். பதினொரு பலகைகளில் ‘ஓரத்தில் கொஞ்சம் சில்லு போயிருக்கிறது’ என்று அவர் தமிழில் எழுதிக் கொடுத்ததை, இடையில் இருந்தவர் ‘பதினொரு பலகைகள் புரோக்கன்’ என்று ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார். ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்திருக்கக்கூடிய பலகைகள் அனைத்துக்கும் பணம் பிடிக்கப்பட்டது. அதன் பிறகு அந்தப் பலகைகளைக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டவர், அந்த இடைத்தரகருக்கு வேண்டிய ஒருவர். சொல் தெரியாமல் நடந்த பிழையாக இதை நான் இன்றுவரை ஏற்கவில்லை.

‘ஷெல் ஃபிராக்மென்ட்’ விஷயத்தில் மட்டும் தாமதம் செய்யாதீர்கள். ஃபிராக்மென்ட் என்பது லத்தீனில் ‘உடைத்தல்’ எனப் பொருள்படும் வினையிலிருந்து வந்த சொல். எலும்பு முறிவைக் குறிக்கும் ஃபிராக்சரும், கணக்கில் பின்னத்தைக் குறிக்கும் ஃபிராக்ஷனும் அதே வேரைச் சேர்ந்தவை. எந்தப் பொருளின் உடைசலையும் அப்படிச் சொல்லலாம். ஆனால் உணவுச் சரக்கைப் பற்றிய கடிதத்தில் அந்தச் சொல் வந்தால், இருக்கவே கூடாத அந்நியப் பொருள் ஒன்று கிடந்தது என்று எச்சரிப்பதாகவே கொள்ள வேண்டும். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கும் என்பது உங்கள் ஆலையில் கைக்குச் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உடைப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி; அந்த ஓட்டின் சில்லு தின்பண்டத்தில் போய் விழுவதை எந்த வாங்குபவரும் பொறுக்க மாட்டார். ‘ஃபிராக்மென்ட்’ என்ற இடத்தில் அவர் ‘ஷார்ட்’ என்று எழுதியிருந்தால் இன்னும் கடுமை. கண்ணாடி, பீங்கான் போன்றவற்றின் கூர்மையான சில்லுக்கே அந்தப் பெயர். லண்டனில் 2012இல் திறக்கப்பட்ட, சுமார் 310 மீட்டர் உயரமுள்ள கூர்ங்கண்ணாடிக் கட்டடத்துக்கு அந்தப் பெயர் நிலைத்ததும் அந்த உருவத்தால்தான். கீழடியில் கிடைத்த எழுத்துப் பொறித்த பானையோடுகளை ஆங்கில அறிக்கைகள் ‘பாட்ஷெர்ட்’ என்பதும் இதே சொல்லின் இன்னொரு வடிவம்.

தரகர்கள் மிகவும் விரும்பும் சொல் ஒன்று உண்டு: ‘ஸ்கிராப்’. சிறு துண்டு என்று அகராதி சொல்லும். ஒரு காகிதத் துண்டை அப்படிச் சொல்வதும் தவறில்லை. ஆனால் வணிகத் தாளில் அது கழிவு, எடைக்குப் போடும் பொருள். பேபி பிட்ஸ் இனிப்புக் கடைக்கும் ஐஸ்கிரீமுக்கும் போகும் நல்ல சரக்கு. அதை யாராவது ‘கேஷ்யூ ஸ்கிராப்’ என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

‘பீஸ்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். திருப்பூரில் 200 பீஸ் என்றால் 200 முழு பனியன்கள். உங்கள் தொழிலில் பீசஸ் என்றால் உடைந்த பருப்பு. முழுப்பருப்பைக் குறிக்க ‘ஹோல்ஸ்’ என்பதே சொல். ‘ஹோல் பீஸ்’ என்று எழுதிய கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். படிப்பவருக்கு முழுப்பருப்பா, உடைசலா என்று புரியாது. ‘பிட்’ என்பது கடித்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது, நம் விள்ளல் போல. நம் பிள்ளைகள் தேர்வில் மறைத்துவைக்கும் பிட்டும் அதுதான். கணினியின் பிட் மட்டும் வேறு. அது இரும எண்ணைக் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களின் சுருக்கம்.

கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்பியும் அனுப்பாதீர்கள். ‘துண்டு’ என்பதற்குத் தோளில் போடும் துண்டும் பொருள், பட்ஜெட்டில் விழும் துண்டும் பொருள். இயந்திரம் எதை எடுக்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. அதைவிடவும், தமிழில் ஒரு தாளும் ஆங்கிலத்தில் ஒரு தாளும் கொடுத்து, ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். கையெழுத்து ஆங்கிலத் தாளில்தான் விழுகிறது. விதிகளையும் தரப்பட்டியலையும் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிட்டு, அதைத் தமிழில் ஒரு பக்கத்தில் போட்டு ஆலைவாசலில் ஒட்டக் கொடுக்காத அலுவலகங்கள் இருக்கும்வரை, இப்படிப்பட்டவர்களுக்குப் பிழைப்பு இருந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு பக்கத்தை எழுத எத்தனை கூட்டம் நடத்த வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் பதிலை உங்கள் மகளே எழுதட்டும். ஒவ்வொரு தரப்பெயருக்கும் பக்கத்தில் சல்லடை அளவையோ, நீளவாட்டில் பிளந்தது, குறுக்கே ஒடிந்தது என்ற விளக்கத்தையோ சேர்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு எந்தச் சொல்லையும் யாரும் திரித்துப் பொருள் கொள்ள முடியாது. ‘சிப்’ ஆன பருப்புகளின் புகைப்படத்தை, அருகில் ஓர் அளவுகோலை வைத்து எடுத்து அனுப்புமாறு அவரிடமே கேளுங்கள். ஓட்டுச் சில்லு எந்த நாளின் பொதியிலிருந்து வந்தது, அந்த நாளின் மீதிச் சரக்கை மறுபடி பார்த்தீர்களா என்ற இரண்டையும் கடிதத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். விலையைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.