பென்டிரைவில் பாட்டு இருக்கு, செட்டில் ஏன் வரலை?

கேள்வி: எங்கள் தெருக் குழு பாடிய கானாப் பாட்டுகள் நாற்பது, போனில் பதிவு செய்தவை. பாதி எம்4ஏ, மீதி வாட்ஸ்அப்பில் வந்த ஓபஸ். போனில் நன்றாகப் பாடுகின்றன. ஷேர் ஆட்டோவின் யுஎஸ்பி செட்டிலும் மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபையரிலும் பாடவில்லை. ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றியும் பலனில்லை. என்ன செய்வது?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: பெயரை மாற்றினால் பாட்டு மாறாது. சர்க்கரை டப்பாவில் உப்பு என்று எழுதி ஒட்டினால் சர்க்கரை கரிக்குமா? உங்கள் எம்4ஏ ஃபைலுக்குள் இருப்பது ஏஏசி முறையில் சுருக்கிய ஒலி. வாட்ஸ்அப் குரல் பதிவுக்குள் இருப்பது ஓபஸ். அது 2012-இல் தரமாக வெளிவந்த முறை. போனில் இரண்டையும் பிரித்துப் பாடும் மென்பொருள் உண்டு. ஆட்டோ செட்டுக்குள் இருப்பதோ ஒரு சின்ன சிப். அதற்குத் தெரிந்தது எம்பி3. சில செட்டுகளுக்குக் கூடுதலாக டபிள்யூஎம்ஏ, வேவ் என்ற ஃபைல் வகைகளும் தெரியும். ஆகவே எம்பி3-க்கு உண்மையாகவே மாற்றியாக வேண்டும்.

கம்ப்யூட்டரில் பாட்டு, படம் போடும் விஎல்சி மென்பொருள் இருந்தால் போதும், காசு செலவில்லை. மேலே 'மீடியா' மெனுவில் 'கன்வர்ட் / சேவ்' திறந்து, 'ஆட்' அழுத்திப் பாட்டைச் சேருங்கள். அடுத்த பக்கத்தில் 'ஆடியோ – எம்பி3' புரொஃபைலைத் தேர்ந்து, பக்கத்தில் இருக்கும் ஸ்பேனர் படத்தை அழுத்துங்கள். ஆடியோ கோடெக் பகுதியில் பிட்ரேட் (ஒரு நொடி ஒலிக்கு ஒதுக்கும் டேட்டா அளவு) 192, சேனல் 2, சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது) 44100 என்று வையுங்கள். சேமிக்கும் இடத்தில் புதுப் பெயர் கொடுத்து 'ஸ்டார்ட்'. மூல ஃபைலின் பெயரையே கொடுத்துவிடாதீர்கள், அதன்மேலேயே எழுதிவிடும்.

அந்த 44100-ஐ விட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப் குரல் பதிவு குறைந்த சாம்பிள் ரேட்டில் இருந்து, மாற்றும்போதும் அப்படியே 16000-இல் போனால் கிடைப்பதும் எம்பி3-தான். ஆனால் குறைந்த சாம்பிள் ரேட்டுக்கான எம்பெக்-2 வகை. சில பழைய செட்டுகள் அதைத் தாண்டிப் போய்விடும். "மாற்றியும் பாடவில்லை" என்று பலர் அலுத்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

192 பிட்ரேட்டில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 1.44 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டுகள் நாற்பது என்றால் 290 எம்பி-க்குள் முடிந்துவிடும். சுருக்காத வேவ் ஆக மாற்றினால் அதே நாற்பதுக்கு 2 ஜிபி-க்கு மேல் வேண்டும். 320 வைத்தால் இன்னும் தெளிவாகுமா என்றால், ஆகாது. ஏற்கெனவே சுருக்கும்போது போன ஒலி திரும்பி வராது, ஃபைல்தான் பெருக்கும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கொஞ்சம் இழப்பு சேரும். டோலக்கின் கூரான அடி மழுங்குவதில்தான் அது முதலில் காதுக்குத் தெரியும். எம்பி3-யிலிருந்து இன்னொரு எம்பி3 எடுக்காமல், எப்போதும் மூலத்திலிருந்தே எடுங்கள்.

மைக்செட்காரருக்குத் தனி நகல் போடுங்கள், அதில் சேனல் 1, அதாவது மோனோ. குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் ஆம்ப்ளிஃபையரில் பல சமயம் ஒரு பக்க ஒயர்தான் செருகியிருக்கும். குரல் இடப்பக்கமும் கீபோர்டு வலப்பக்கமுமாகப் பதிவாகியிருந்தால் தெருவுக்கே பாதிப் பாட்டுதான் கேட்கும். மோனோவாக்கினால் இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிடும். மாற்றிய பிறகு ஹெட்போனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எம்பி3-யும் சரி, இன்னும் பாடவில்லை என்றால் பென்டிரைவைப் பாருங்கள். 64 ஜிபி டிரைவுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன. பழைய செட்டுக்கு ஃபேட்32 மட்டுமே தெரியும். 16 அல்லது 32 ஜிபி டிரைவை எடுத்து, ரைட் கிளிக், ஃபார்மட், ஃபேட்32. உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல் பெயரைத் தமிழில் வைத்தால் பல செட்டுகளின் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆங்கில எழுத்தில் சின்னப் பெயராக, முன்னால் 01, 02 என்று எண் போட்டு வையுங்கள். மலிவான செட்டுகள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை. டிரைவில் ஏறிய வரிசையில்தான் பாடும். காலியான டிரைவில் 01-இலிருந்து ஒவ்வொன்றாகப் போடுவது உத்தமம்.

பாட்டு ஆப்பில் ஆஃப்லைனுக்காக இறக்கிய பாட்டுகளை இப்படி மாற்ற முடியாது, அவை பூட்டிய ஃபைல்கள்.

இனிப் பதியும் பாட்டுகளுக்கு ஒரு வார்த்தை. வாட்ஸ்அப் மைக்கை அழுத்திப் பாட வேண்டாம். அது பேச்சுக்காக மிகவும் இறுக்கிச் சுருக்குவது, தாளத்தைத் தின்றுவிடும். போனின் ரெக்கார்டரில் பதிந்து, 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். போனை டோலக்குக்கு ஒட்டி வைத்து ஒலி பிளந்துவிட்டால் எந்த மாற்றமும் அதைச் சீர்செய்யாது. நாலைந்து அடி தள்ளி வையுங்கள்.

நாற்பதில் வயதான பாடகர்கள் பாடியவை இருந்தால், மாற்றி முடித்த கையோடு மூல எம்4ஏ, ஓபஸ் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். கானா பெரும்பாலும் எழுதிவைக்காமல் பாடுவது. அந்த வரிகளுக்கு உங்கள் போனைத் தவிர வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம். ஒரு நகல் கம்ப்யூட்டரில், இன்னொன்று குழுவில் வேறொருவர் வீட்டில் இருக்கட்டும்.