கோபத்தோடு பூசைக்குப் போகலாமா?

அன்பின் அண்ணாவுக்கு,

கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். 2009 மே மாதம், போர் முடிகிற நேரம், வட்டுவாகல் பாலம் கடந்து இராணுவப் பக்கம் வந்த நாளோடு என் தம்பியைக் காணவில்லை. அம்மா கடைசிவரை செபமாலையைக் கைவிடவில்லை, அப்படியே போய்ச் சேர்ந்தா. நான் கடவுளோடு கதைப்பதை நிறுத்திவிட்டேன், பூசைக்கும் போவதில்லை.

இந்த நத்தாருக்கு (கிறிஸ்து பிறப்புக்கு) மகள் பாடகர் குழுவில் பாடினாள். அவளுக்காக நள்ளிரவுப் பூசைக்குப் போனேன். வெளியே மரத்தடியில் நின்று கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைப்பு. கடைசி வாங்கில் இருந்த ஒரு ஆச்சி திரும்பிப் பார்த்து, "ஏன் பிள்ளை பனிக்குள்ள நிக்கிறாய், இதில வந்து இரு" என்று ஒதுங்கி இடம் விட்டா. போய் இருந்தேன். விசுவாச அறிக்கையின் நடுவில் எல்லாரும் முழந்தாளிட்டார்கள், நானும் இட்டேன். அப்போது வந்த அழுகை நிற்கவேயில்லை. 'நீ வந்ததே போதும்' என்று யாரோ சொன்னது போல இருந்தது. பாவசங்கீர்த்தனம் செய்யாததால் நன்மை (நற்கருணை) எடுக்கப் போகவில்லை. முடிவில் குடிலில் இருந்த பாலன் இயேசுவின் சுரூபத்தை முத்தி செய்ய மட்டும் போனேன்.

அன்றிலிருந்து சரியான நித்திரை இல்லை. அது கடவுளா, அல்லது ஆச்சியின் நல்ல மனமும் பாட்டும் வெளிச்சமும் சேர்ந்து செய்த வேலையா? தம்பியைப் பற்றிய கோபம் அப்படியே இருக்கிறது. அந்தக் கோபத்தோடு போய் ஆறுதல் வாங்கி வந்தது அவனுக்குச் செய்த துரோகம் இல்லையா?

*

அன்பின் தங்கைக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். உங்களுடைய நித்திரையைக் கெடுப்பது அதுதான்.

துரோகம் இல்லை. கோபத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று நத்தார் யாருக்கும் சொல்லவில்லை. நத்தாருக்கு அடுத்து வரும் நாட்களைப் பாருங்கள். 26ஆம் திகதி, கல்லெறிந்து கொல்லப்பட்ட முடியப்பரின் (ஸ்தேவானின்) திருநாள். 28ஆம் திகதி, ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் திருநாள். பாலன் குடிலைக் கழற்றும் முன்பே திருச்சபை இந்தக் குழந்தைகளை நினைக்கிறது. அன்று வாசிக்கும் மத்தேயு நற்செய்தியில் இஸ்ரயேலின் தாயான ராகேல் வருகிறாள். தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனென்றால் அவர்கள் இல்லை. மறுத்ததற்காக அவளை யாரும் கண்டிக்கவில்லை. இந்த வார்த்தைகள் முதலில் வருவது எரேமியாவின் 31ஆம் அதிகாரத்தில். அங்கே கடவுள் அவளுக்குப் பதில் சொல்கிறார்: உன் பிள்ளைகள் பகைவரின் நாட்டிலிருந்து திரும்பி வருவார்கள் என்று. இதை உங்கள் தம்பிக்கான வாக்குறுதியாக உங்களிடம் நீட்ட எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். 'மறந்துவிடு' என்று கடவுள் ராகேலிடம் சொல்லவில்லை, உங்களிடமும் அதைக் கேட்கவில்லை.

வன்னியில் நத்தார் கண்ணீரை விட்டுத் தனியாக வந்ததில்லை. 2004இல் சுனாமியாகக் கடல் வந்தது நத்தாருக்கு அடுத்த நாள் காலை, ஞாயிற்றுக்கிழமை. முல்லைத்தீவுக் கரையில் அன்றிலிருந்து பாலனுக்கு ஏற்றும் திரியும் கடல் கொண்டுபோன பிள்ளைகளுக்கு ஏற்றும் திரியும் ஒரே வீட்டில் அடுத்தடுத்த நாட்களில் எரிகின்றன.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைப் பற்றி விடாமல் கேட்பதும் விசுவாசத்துக்கு வெளியே நிற்கும் காரியம் அல்ல. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய், போரின் கடைசி மாதங்களில் கணக்கில் வராமல் போன 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அரசாங்கத்தின் கணக்குகளை வைத்தே கேட்டார். பீடத்தில் நத்தார் பூசை ஒப்புக்கொடுத்த அதே மனிதர்தான் இதையும் கேட்டார். ஒன்று மற்றதைத் தடுக்கவில்லை.

சரி, அது கடவுளா, ஆச்சியா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல வேண்டாம் என்பேன். லூக்கா எழுதிய கதையில் விடுதியில் இடம் இல்லை. அங்கே இடம் தேடி வந்தவரே கடவுள்தான், பதிவுக்காக ஊர்விட்டு ஊர் நடக்கவைக்கப்பட்ட ஒரு குடும்பத்தோடு. பதிவு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் போருக்குத் தப்பி வந்து, மன்னாரின் மடு மாதா கோயில் வளவுக்குள் மரங்களின் கீழே எத்தனை ஆயிரம் சனம் கிடந்தது! அப்புறம் 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுரூபத்துக்கே அங்கே இருக்க முடியாமல் போய், தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். இடம் கொடுத்த மாதாவுக்கு அன்று தேவன்பிட்டிச் சனம் இடம் கொடுத்தது. கடவுளின் வரவேற்பை இந்த மண்ணில் நான் கண்டதெல்லாம் இப்படித்தான்: யாரோ ஒருவர் கொஞ்சம் ஒதுங்குகிறார். ஆச்சி ஒதுங்கியிருக்காவிட்டால் 'நீ வந்ததே போதும்' என்ற அந்தச் சொல் உங்களிடம் வந்து சேர வழி ஏது?

பாட்டும் வெளிச்சமும் மனதைக் கரைக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தை நீங்களே ஒருமுறை வாசியுங்கள். அழுகை வந்தது பாட்டில் இல்லை. விசுவாச அறிக்கையில், முழந்தாளிட்டபோது. மற்ற ஞாயிறுகளில் அந்த இடத்தில் தலை மட்டும் வணங்குவோம். நத்தாருக்கும், மார்ச் 25இல் மங்கள வார்த்தைத் திருநாளுக்கும்தான் 'மனிதர் ஆனார்' என்னும் இடத்தில் முழந்தாளிடுகிறோம். அவர் இறங்கி வந்த இடத்துக்கு நாமும் உடம்போடு இறங்குகிறோம். பல வருடங்கள் கழித்து நீங்கள் அவரிடம் போனதாக நினைக்கிறீர்கள். உங்களோடு சேர்ந்து எல்லாரும் முழந்தாளிட்ட அந்த வரியோ, அவர் முந்திப் புறப்பட்டுவிட்டார் என்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெறும் உணர்ச்சியாக இருந்திருந்தால் அது தம்பியைக் கொஞ்ச நேரமாவது மறக்கவைத்திருக்கும். உங்களுக்கு நடந்தது அதுவல்ல. கோபம் குறையாமலே வரவேற்கப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அதை நம்பத் தோன்றுவதே அதனால்தான்.

நன்மை எடுக்காததைப் பற்றி: அதை விலக்கப்பட்டதாக எண்ண வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். சைவச் சனமும் நம்மோடு வரிசையில் நின்று பாலனை முத்தி செய்கிறது. அந்த வரிசையில் உங்களுக்கும் இடம் இருந்ததுதானே. சனம் இல்லாத ஒரு கிழமை நாளில், நம்பிக்கையான ஒரு சுவாமியாரிடம் போய் இருங்கள். பாவசங்கீர்த்தனம் என்று தொடங்காமல் தம்பியின் கதையை முதலில் சொல்லுங்கள். அவர் உங்களை அவசரப்படுத்தினால் வேறொருவரிடம் போங்கள். அதுவரை வீட்டில் செபிக்க வார்த்தை வரவில்லை என்றால் 88ஆம் திருப்பாடலை எடுங்கள். தொடக்கம் முதல் முடிவுவரை முறைப்பாடு, கடைசிச் சொல்லும் இருள்தான். கடவுளிடம் அப்படியும் கதைக்கலாம் என்று வேதாகமமே வைத்திருக்கிற செபம் அது.

ஒரு விருப்பமும் உண்டு. பூசையில் தம்பியின் பெயரைச் சொல்லக் கேளுங்கள். இறந்தவர்களுக்கான கருத்தில் சேர்க்க உங்கள் மனம் ஒப்பாது, தெரியும், அப்படிச் செய்யவும் வேண்டாம். விசுவாசிகள் மன்றாட்டில், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக என்று சொல்லி, அவன் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள். பாடகர் குழுவில் மகள் இருக்கிறாள்தானே, அவளையே வாசிக்க விடலாம்.

அன்புடன்,
அண்ணா