அக்காகிட்ட கேளுங்க: பி.எல். மங்கால எதை முதல்ல வாசிக்கிறது?

கேள்வி: அக்கா, என்கூட வேல செய்ற ப்ரெண்ட் ஒருத்தி எந்நேரமும் பி.எல். மங்கா பத்தியே சொல்லிட்டு இருக்கா. ரெண்டு ஆம்பளைங்க லவ் பண்ற ஜப்பான் காமிக்ஸ்னு மட்டும் வெளங்குச்சி. முதல்ல எதை வாசிக்கலாம்? சும்மா சும்மா அழ வைக்கிற கதை வேணாம்.
– வாசகி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, பி.எல்.னா 'போய்ஸ் லவ்', நீங்க வெளங்கிக்கிட்டது சரி தான். யோசிக்காம 'ஐ ஹியர் த சன்ஸ்பாட்' எடுங்க. யூகி ஃபுமினோ எழுதி வரைஞ்சது. கொஹேய்னு ஒரு கெம்பஸ் பையன், ஸ்கூல் படிக்கிறப்பவே காது கேக்குறது கொறஞ்சி போச்சி, யாராவது பேசுனா பாதி தான் வெளங்கும், திருப்பித் திருப்பி "என்ன"ன்னு கேட்டு மத்தவங்க மூஞ்சி சுளிக்கிறதப் பாத்து சலிச்சுப்போய் தனியாவே ஒதுங்கிட்டான். டாய்ச்சி அதுக்கு நேர்மாறு, தாத்தாகூட வளந்தவன், கைல காசில்ல, எப்பவும் பசி, பேசுனா பக்கத்து ரூமுக்குக் கேக்கும். கொஹேய் கொண்டு வர்ற சாப்பாட்ட இவன் சாப்பிடுறது, அதுக்குப் பதிலா லெக்சர்ல நோட்ஸ் எழுதிக் குடுக்குறது, இது தான் ரெண்டு பேருக்கும் ஒப்பந்தம். காது கேக்காதது ஒன் தப்பு இல்லியே, கேக்கலன்னா எத்தன தடவ வேணும்னாலும் கேளுன்னு டாய்ச்சி கோவத்தோட சொல்ற எடம் ஒன்னு வரும், அங்கருந்து என்னால புக்க கீழ வைக்க முடியல. தேயில பெக்டரி மெஷின் சத்தத்துலயே காலம் போய் காது மந்தமான பெரியவங்க நம்ம பக்கம் எத்தன பேர், அவங்ககிட்ட நாம எரிஞ்சி எரிஞ்சி பேசுறதெல்லாம் அப்ப தான் ஒறச்சிச்சி. லவ்வு ரொம்ப மெதுவா தான் வரும், அவசரப்படாதீங்க. 2024ல இத ஜப்பான்ல டிவி டிராமாவாவும் எடுத்தாங்க.

சின்னதா ஒரே புக்ல முடியணும்னா மிதா ஓரியோட 'அவர் டைனிங் டேபிள்'. யுதாக்கான்னு ஒருத்தன், ஆபீஸ் வேல, நல்லா சமைப்பான், ஆனா அடுத்தவங்க முன்னால உக்காந்து சாப்பிட முடியாது, சின்ன வயசுல வீட்ல பட்டது அப்பிடி. பார்க்ல ஒரு குட்டிப் பையன் இவன் சோத்து உருண்டைய சாப்பிட்டுட்டு இதே மாதிரி செய்ய சொல்லித் தாங்கன்னு ஒட்டிக்குறான், அந்தக் குட்டியோட அண்ணன் மினோரு, பொறகு மூனு பேரும் ஒரே மேசைல. பெரிய சம்பவம்னு ஒன்னும் நடக்காது, ஆனா மனசு நெறஞ்சிடும்.

கேள்வி: எனக்கு வயசு நாப்பதுக்கு மேல, ரெண்டு புள்ளைங்க. ஸ்கூல் பசங்க லவ்வெல்லாம் எனக்கு ஒட்டாது. என் வயசுக்கு ஏதாவது இருக்கா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: ஏன் இல்ல! ஃபுமி யோஷினாகாவோட 'வட் டிட் யூ ஈட் யெஸ்டர்டே?' உங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். 2007ல இருந்து வருது, வந்தது பெரியவங்க வாசிக்கிற 'மோர்னிங்'ங்கிற பொதுவான மெகசின்ல, அதனால கணக்குப்படி இது பி.எல். ரகத்துல வராது, ஆனா பி.எல். வாசிக்கிறவங்க தலைல தூக்கி வச்சிக் கொண்டாடுறாங்க. ஷிரோ ஒரு லோயர், கென்ஜி முடி வெட்டுற சலூன்ல வேல. ஷிரோ ஆபீஸ்ல தன்னப் பத்தி மூச்சு விட மாட்டான், கென்ஜி எல்லார்கிட்டயும் சந்தோசமா சொல்லிடுவான், சண்டையே அதுல தான் வரும். மாசச் சாப்பாட்டுச் செலவு 25,000 யென்ன தாண்டக்கூடாதுன்னு ஷிரோ கட கடயா வெல பாத்து வாங்குறதும், எந்தச் சட்டிய எப்ப எறக்குறதுன்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டு நாலு கறிய ஒரே நேரத்துல முடிக்கிறதும், வீடு நடத்துறவங்களுக்கு அப்பிடியே வெளங்கும். சேந்து வாழ்ற ரெண்டு பேருக்கு வயசு ஏறுது, அம்மா அப்பாவுக்கு வருத்தம் வருது, டொக்டர் செலவு வருது. பல வருஷம் சேந்து வாழ்ந்த பொறகும் லவ் எப்பிடி இருக்கும்னு இவ்ளோ பொறுமையா சொன்ன கதை நான் கொஞ்சம் தான் பாத்திருக்கேன்.

கேள்வி: நான் ஒரு பையன், 22 வயசு. பி.எல். வாசிக்கிறேன்னு யாருக்கும் தெரியாது. அது மட்டும் இல்ல அக்கா, கதைல வர்ற பசங்க மாதிரி தான் நானும். கதைல எல்லாம் நல்லபடியா முடியுது, நம்ம வீடுகள்ல எங்க நடக்கப் போகுது?
– வாசகர், பதுளை

பதில்: தம்பி, நம்பி எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. ஒங்கள்ட்ட ஒரு கொறையும் இல்ல, இத முதல்ல சொல்லிடுறேன்.

பழைய கதைங்க நல்லபடியா முடியவும் இல்ல. 1974ல மோட்டோ ஹாகியோ எழுதுன 'த ஹார்ட் ஒஃப் தோமஸ்', 1976ல கேய்கோ தகேமியா தொடங்குன கதை, இந்த ரகத்துக்கு வழி போட்ட அந்த ரெண்டுலயும் சாவும் கண்ணீரும் தான். சேந்து வாழ்ந்தாங்கன்னு முடிக்கிற பழக்கம் மெதுவா தான் வந்துச்சி. ஜப்பான்லயும் நாடு முழுக்க செல்ற மாதிரி ஆம்பளயும் ஆம்பளயும் கட்டிக்கிற கல்யாணத்துக்குச் சட்டம் வரல. நம்ம நாட்ல 1883ம் வருஷத்து தண்டனைச் சட்டக்கோவையோட 365, 365ஏ பிரிவுங்க இருக்கு, இப்பிடி உறவ குத்தம்னு சொல்றது அது தான், அத மாத்துறதுக்குக் கொண்டு வந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லன்னு 2023ல உயர் நீதிமன்றம் சொல்லிச்சி, ஆனா அதோட சட்டம் மாறிடல. அதனால யார்கிட்ட சொல்றது எப்ப சொல்றதுங்கிறத நீங்க மட்டும் தான் முடிவெடுக்கணும், லயத்துல ஒரு வீட்ல பேசுனா அடுத்த வீட்டுக்குக் கேக்கும், ஒங்களுக்கே தெரியும்.

ஒங்களுக்கு நான் சொல்றது கெங்கோரோ தகாமேயோட 'மை பிரதர்ஸ் ஹஸ்பண்ட்'. எழுதுனவரே கே, அதாவது ஆம்பளைங்கள விரும்புற ஆம்பள தான். யாயிச்சியோட ரெட்டப்பொறப்பு தம்பி கனடால செத்துப் போறான், அவன் கட்டிக்கிட்ட புருஷன் மைக் ஒருநாள் வாசல்ல வந்து நிக்கிறான். யாயிச்சி கெட்டவன் இல்ல, ஆனா மனசு முழுக்க கூச்சம், உள்ளுக்குள்ள நெனைக்கிறது ஒன்னு வாயில வர்றது ஒன்னு, அது ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சி காட்டுறாரு. அவன் சின்ன மகள் கானா தான் பயமில்லாம எல்லாத்தயும் கேக்குறா, ஆம்பளயும் ஆம்பளயும் கல்யாணம் கட்டலாமான்னு. அந்தப் புள்ள கேக்கக் கேக்க தான் அப்பன் மாறுறான். ஒங்க வீட்லயும் அப்பிடி ஒரு தங்கச்சியோ மச்சானோ இருக்கலாம், பாத்து வச்சிக்கோங்க.

கேள்வி: ப்ரெண்ட் குடுத்த மங்கால ஒருத்தன் வேணாம் வேணாம்னு சொல்றான், மத்தவன் விடாம தொடுறான், பொறகு அதையே லவ்வுன்னு முடிக்கிறாங்க. எல்லாமே இப்பிடி தானா?
– மாணவி, கண்டி

பதில்: இல்ல. பழைய புக்ல இது நெறய வரும், இப்பவும் வருது. வேணாம்னா வேணாம் தான், படம் எவ்ளோ அழகா இருந்தாலும் அது லவ் ஆகாது, மூடி வச்சிட்டு அடுத்தத எடுங்க. மாத்தி ஒன்னு வேணும்னா யூ டொயோட்டாவோட 'செரி மேஜிக்': முப்பது வயசு ஆனதும் ஆதாச்சிக்கு யாரத் தொட்டாலும் அவங்க மனசு கேக்குது, அப்பிடி தான் கூட வேல செய்ற குரோசாவா தன்ன எவ்ளோ விரும்புறான்னு தெரிய வருது. மனசு தெரிஞ்சா எதயும் செய்யலாமாங்கிற யோசன ஆதாச்சிக்கு வரும், அதே நேரம் குரோசாவா அவன் தயங்குனா ஒதுங்கி நிப்பான். 2020 டிராமாவும் நல்லாருக்கும். 'கிவன்'னு இன்னொன்னு, பாட்டு, பேண்ட்னு ரொம்ப அழகான கதை, ஆனா அதுல ஒருத்தன் தற்கொல பண்ணிக்கிட்ட வலி ஓடிட்டே இருக்கும், மனசு சரியில்லாத நேரத்துல வேணாம்.

கேள்வி: பக்கம் மாறி மாறி இருக்கு, ஒன்னும் வெளங்கல. புக் எங்க வாங்குறது?
– வாசகர், பொகவந்தலாவ

பதில்: வலது பக்கத்துல இருந்து இடது பக்கம் வாசிக்கணும், நமக்குக் கடைசி அட்டைன்னு தோணுறது தான் முதல் அட்டை, கட்டங்களும் அப்பிடியே மேல வலது மூலைல இருந்து. நான் வாசிச்சது எல்லாம் இங்கிலீஷ்ல தான். வெளிநாட்டுல இருந்து புக்கா எடுப்பிச்சா டொலர் வெலையோட தபால் செலவும் சேரும், ஈ-புக்கா காசு குடுத்து வாங்குனா கொறையும், வரைஞ்சவங்களுக்கும் அது போய்ச் சேரும். பல கடைல முதல் சில பக்கத்த சும்மா பாக்க விடுவாங்க, வயசுக் கணக்கும் போட்டிருக்கும், ரெண்டயும் பாத்துட்டு வாங்குங்க. கீழ லயத்துப் பக்கம் சிக்னல் இல்லன்னா டவுனுக்கு வர்ற நாள்ல எறக்கி வச்சிக்கோங்க, பொறகு டேட்டா இல்லாமலே வாசிக்கலாம்.