படங்களில் வரும் லைட்சேபர், ரோபோ மாதிரிகளை வீட்டில் வாங்கி வைப்பது காசுக்குத் தகுமா?

ஸ்டார் வார்ஸ் படங்களில் வரும் ஒளிவாளான லைட்சேபரின் மாதிரி ஒன்றுக்கு இருபதாயிரம் சொல்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலிலேயே அந்த விலைக்குப் போகாதீர்கள் என்பேன். பாளையங்கோட்டையில் என் வீட்டு அலமாரியில் இந்த மாதிரி ஆறேழு சாமான் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது இரண்டுதான். மற்றதெல்லாம் கையால் செய்தது.

வாங்கியதில் முதலாவது, ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் நாயகன் லூக் வைத்திருக்கும் லைட்சேபரின் கைப்பிடி. ஒன்பதாயிரம் ரூபாய். பார்சலைப் பிரித்ததும் ஆச்சி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏல, மூணு கட்டை லைட்டால இது? அமுக்குனா எரியலையே" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அப்புறம் தேடிப் படித்தால் ஆச்சி சொன்னது கிட்டத்தட்ட சரி! 1977இல் வந்த அந்தப் படத்துக்கு செட் அலங்காரம் பார்த்தவர் ரோஜர் கிறிஸ்டியன். கையில் பணம் குறைவு. லண்டனில் ஒரு போட்டோ சாமான் கடையில் கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய கேமரா ஃபிளாஷின் கைப்பிடிகள் கிடைத்தன. அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரர்கள் பெரிய கேமராவோடு மாட்டிக்கொண்டது. உள்ளே மூன்று பெரிய பேட்டரி போகும், அதாவது நம்மூர்க் கணக்கில் மூணு கட்டை. அதில் கறுப்புப் பட்டைகளை ஒட்டி, ஒரு கால்குலேட்டரில் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப் பட்டையைச் செருகினார். வேலை முடிந்தது.

அதே படத்தில் லூக்கின் குரு ஓபி-வான் கையில் இருந்த லைட்சேபர் இதைவிட வேடிக்கை. ஜெட் எஞ்சினின் குழாய்த் துண்டு, முதல் உலகப் போர்க் காலத்தில் ரைஃபிள் முனையில் வைத்து எறிந்த கிரனேடின் ஒரு பாகம், தண்ணீர்க் குழாயின் திருகு. எல்லாம் பழைய சாமான். இப்படிப் பழைய சாமானில் பிறந்ததன் மாதிரிக்கு நான் ஒன்பதாயிரம் கொடுத்திருக்கிறேன்.

அதிலிருந்து செய்ய ஆரம்பித்தேன். ஓபி-வானுடையதைப் படம் வரைந்து, அளவு போட்டு, அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் செய்யும் ஒரு கடைசல் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அண்ணாச்சி தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "தம்பி, இது கட்டில் காலா?" என்றார். விளக்கிச் சொன்னேன், நம்பவில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் கடைந்து, சுற்றும்போதே அரக்கை அழுத்திக் கறுப்புப் பளபளப்பு ஏற்றிக் கொடுத்தார். அறுநூறு ரூபாய். உலோகம் இல்லை என்று தொட்டால்தான் தெரியும்.

2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்தில் ஒற்றைச் சிவப்புக் கண்ணோடு பேசும் ஹால் கணினியும் சுலபம். 1968இல் அந்தக் கண்ணுக்கு வைத்தது நிக்கான் கம்பெனியின் ஃபிஷ்ஐ லென்ஸ், அதாவது ரொம்ப அகலமாகக் காட்டும் உருண்டை லென்ஸ். நான் வைத்தது கதவில் மாட்டும் பார்வை லென்ஸ், பின்னால் ஒரு சிவப்பு எல்இடி. வாசல் பக்கம் மாட்டியிருக்கிறேன். சிலிண்டர் போட வருகிறவர் கேமரா என்று நினைத்து முடியை ஒதுக்கிக்கொள்கிறார்.

வாங்கியே தீருவேன் என்றால் எதில் செய்தது என்று கேளுங்கள். நான் வாங்கிய இரண்டாவது சாமான் ஒரு பிளாஸ்டர், ஸ்டார் வார்ஸில் வரும் கற்பனைத் துப்பாக்கி. பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கை உருக்கி, மெஷினில் அடுக்கடுக்காக த்ரீடி பிரிண்ட் எடுத்தது. பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். சித்திரை வெயிலில் வண்ணாரப்பேட்டையில் காரைப் பூட்டி நிறுத்திவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் குழல் முருங்கைக்காய் மாதிரி வளைந்து கிடந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் காட்ட. ஏபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் என்றால் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும். துப்பாக்கி மாதிரிகளை விமானத்தில் கைப்பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், செக்கிங்கில் பிடித்து வைப்பார்கள். அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு கட்டாயம். ஆனி ஆடிக் காற்றுக்கு நம்மூரில் புழுதி எங்கேதான் போகாது.

கடைசியாகச் செய்தது லூக்கின் லைட்சேபர்தான், இரண்டாம் தடவை. டவுனில் பழைய இரும்புக் கடையில் மூணு கட்டை டார்ச் ஒன்று எடைக்குக் கிடைத்தது. கார் கண்ணாடி ரப்பரை நறுக்கி ஒட்டினேன், உள்ளே எல்இடி பல்பு போட்டேன். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. அது மட்டும் அலமாரியில் இருப்பதில்லை. ராத்திரி கரண்ட் போனால் ஆச்சிக்கு வேண்டும் என்று அவள் தலைமாட்டில் இருக்கிறது.