தொட்டிக்குப் பணம் இருக்கிறது, உப்புக்கு இருக்கிறதா?

கேள்வி: எனக்கு 44 வயது. மூன்றாவது மாடியில் சொந்த வீடு. வீட்டுக்கடன் இன்னும் 9 வருடம் ஓடும். பல வருடமாக நன்னீர் மீன் வளர்க்கிறேன். இப்போது ஹாலில் 240 செ.மீ. நீளம், 90 அகலம், 75 உயரத்தில் கடல்நீர் பவளத்தொட்டி ஒன்று கட்ட ஆசை. கொட்டேஷனை இணைத்திருக்கிறேன். பாதிப் பணம் சேமிப்பில் இருக்கிறது. மீதிக்கு வீட்டுக்கடனில் டாப்-அப் (அதே வீட்டின் மேல் கூடுதல் கடன்) வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஆசையைக் குறை சொல்லவில்லை. நான் குறை சொல்வது கொட்டேஷனை.

அதை வரிவரியாகப் பார்த்தேன். 19 மி.மீ. கண்ணாடி, சிலிக்கான் ஒட்டு, ஸ்டாண்ட், அடியில் 300 லிட்டர் சம்ப் (வடிகட்டும் துணைத்தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி), சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி), நான்கு எல்இடி விளக்குகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கடைசியில் 'உப்பு – 1 முறை' என்று ஒரு வரி. அந்த இடத்தில்தான் என் பேனா நின்றது.

தொட்டியும் சம்ப்பும் சேர்ந்து ஏறக்குறைய 1,900 லிட்டர். கடல்நீருக்கு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், முதல் தடவை நிரப்பவே 66 கிலோ. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால், தடவைக்கு ஆறரைக் கிலோவுக்கு மேல், வருடத்துக்கு 170 கிலோ. 'ஒரு முறை' என்று போட்டது வருடத்துக்கு இரண்டரை முறையாகிறது. தொட்டி இருக்கும்வரை இது நிற்காது. அந்தத் தண்ணீரும் குழாயில் வருவதல்ல, ஆர்ஓ கருவியில் வடித்தது. இது போக, ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட தினம் 10, 15 லிட்டர் நன்னீர் ஊற்ற வேண்டும்.

மின்சாரத்தையும் போட்டுப் பார்த்தேன். 180 வாட் விளக்கு நான்கு, 10 மணி நேரம்: 7 யூனிட். இரவு பகலாக ஓடும் பம்புகளும் ஸ்கிம்மரும் ஏழெட்டு யூனிட். தண்ணீரை 25, 26 டிகிரியில் நிறுத்த சில்லர் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இன்னொரு 6. ஆக தினம் 20 யூனிட்டுக்கு மேல், மாதம் 600-ஐத் தாண்டும். உங்கள் கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். உபயோகம் கூடக்கூட விகிதமும் ஏறும் ஊராக இருந்தால், வீட்டின் மொத்தப் பில்லையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

சுருக்கமாக, நீங்கள் வாங்குவது பொருள் அல்ல, முடிவுத் தேதி இல்லாத ஒரு மாதத் தவணை. அதன் மேல் டாப்-அப் என்றால் ஒரே தொட்டிக்கு இரண்டு தவணை. கைவிட நினைத்தாலும் கண்ணாடி காசாகாது. அளவெடுத்து ஒட்டிய தொட்டி அடுத்தவர் வீட்டுப் படிக்கட்டில் ஏறாது; பழைய சிலிக்கானை நம்பி வாங்குபவரும் குறைவு. கடின பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருகின்றன. உங்கள் நாட்டுச் சட்டம் எதை வளர்க்க, விற்க அனுமதிக்கிறது என்பதை முன்கூட்டியே பாருங்கள்.

முதல் செலவு கண்ணாடிக்கு அல்ல, கட்டமைப்புப் பொறியாளருக்கு. தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்த்து இரண்டு டன்னைத் தாண்டும். அதாவது சதுர மீட்டருக்கு ஒரு டன். வீட்டுத் தளங்களைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவை வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். உடனே இடிந்துவிடும் என்று அர்த்தமில்லை. சுவரோரம், உத்தரத்துக்கு மேலே வைத்தால் தாங்கலாம். அதைப் பொறியாளர் எழுத்தில் தரட்டும், தொட்டி கட்டுபவரின் வாய்வார்த்தை போதாது. கசிந்தால் நனைவது கீழ்வீட்டுக் கூரை. வீட்டுக் காப்பீட்டில் மீன்தொட்டிக் கசிவுக்கு இடம் உண்டா என்றும் படித்துவிடுங்கள்.

இன்னொன்று, உயரத்தை 60 செ.மீ. ஆக்குங்கள். கண்ணாடியின் தடிமனை முக்கியமாகத் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம்தான். 15 செ.மீ. குறைத்தால் கண்ணாடி மெலியும், 300 லிட்டருக்கு மேல் தண்ணீர் குறையும், உப்பும் குறையும். சாய்ந்த பவளத்தை நிமிர்த்தக் கையை விட வேண்டுமே, தோள் நனையாமல் 75 செ.மீ. ஆழத்துக்கு எட்டுமா? (என் வீட்டில் இருப்பது வெறும் 90 லிட்டர் கப்பி மீன் தொட்டி. அதிலேயே சட்டைக் கை நனைகிறது.)

இனி செய்ய வேண்டியது: உப்பு, மின்சாரம், வடிகட்டி, பம்பு மாற்றும் செலவு எல்லாவற்றையும் மாதக் கணக்காக்குங்கள். தொட்டியே இல்லாமல், அந்தத் தொகையை ஆறு மாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். மின்தடையில் பம்புகளாவது ஓட ஒரு பேட்டரிக்கும் சேர்த்தே ஒதுக்குங்கள். அலை நின்றால் ஆக்ஸிஜன் குறைந்து, ஓராண்டு வளர்த்த பவளம் ஒரே இரவில் போய்விடும்.

கடன் தேவையில்லை என்பதற்குத் தொட்டியே சாட்சி. தண்ணீர் நிரப்பிய பிறகு, அமோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா நிலைபெறவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதன் பிறகும் பவளத்தைச் சிறு துண்டுகளாக, மாதத்துக்கு ஒன்றிரண்டாகத்தான் சேர்க்க வேண்டும். எனவே கொட்டேஷனில் உள்ள உயிரினங்களுக்கான தொகையை இப்போதே புரட்ட வேண்டியதில்லை. சம்பளத்திலிருந்து மெல்லக் கொடுக்கலாம். அதையும் உயரத்தில் குறைத்ததையும் கழித்துவிட்டுப் புதிய கொட்டேஷன் கேளுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தனிக் கணக்கின் இருப்போடு மறுபடி எழுதுங்கள்.