அமுல் குரியன் கதை சொல்லியும் பால் சங்க உறுப்பினர்கள் அசையவில்லையா?

கூட்டத்தில் பேசுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். கொழுப்புப் பரிசோதனையை எல்லார் கண் முன்னாலும் நடத்துங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பால் சங்கத்தில் செயலாளராகி நாலு மாதம், அமுலை வளர்த்த குரியனைச் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை என்கிறீர்கள்.

குரியனை மட்டும் படித்தது காரணமாக இருக்கலாம். கோழிக்கோட்டில் பிறந்த அவர் 1949இல் குஜராத்தின் ஆனந்துக்குப் போனது அரசு வேலைக்கு, அதுவும் வேண்டாவெறுப்பாக. அதற்கு முன்பே, 1946இல், திரிபுவன்தாஸ் படேல் விவசாயிகளைச் சேர்த்து, பின்னால் அமுலாக வளர்ந்த பால் சங்கத்தை எழுப்பிவிட்டார். ஊரின் நம்பிக்கை அவர் சம்பாதித்தது, நிர்வாகம்தான் குரியனுடையது. எருமைப்பாலில் பவுடர் எடுத்ததுகூட அங்கிருந்த பால் தொழில்நுட்ப வல்லுநர் தலாயாவின் கைவேலை. உங்கள் ஊரில் படேலின் நாற்காலி காலி. சம்பளக்காரர் சொன்னால் ‘இவருக்கென்ன’ என்றுதான் தோன்றும். மாடு வைத்திருக்கும் ஒரு பெரியவரை, அல்லது அக்காவை, முன்னால் நிறுத்துங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. அதிகம் சண்டை போடும் இருவரிடமும் அவரவர் பாலை அவர்களையே கிளறச் சொல்லி, அதில் எடுத்த அதே சாம்பிளை இரண்டு முறை பாருங்கள். கறந்த சூட்டோடு லாக்டோமீட்டர் (பாலின் அடர்த்தி பார்க்கும் கருவி) போட்டால் குறைத்துக் காட்டும், ஆறவிடுங்கள். இரண்டு தடவையும் ஒத்துவந்தால் சண்டை அளவில் இல்லை, விலையில்.

விலைதான் என்றால் இதெல்லாம் பாதிதான் உதவும். பால் வாங்க வரும் பொள்ளாச்சி வண்டி ஒரு ரூபாய் கூடக் கொடுத்தால் சிலர் போவார்கள். போகிறவர்களைத் திட்டி வைக்காதீர்கள். பால் மிகும் மாதத்தில் வண்டி வராதபோது உங்களிடம்தான் வரவேண்டும்.