ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்களே!

வாசகர் கேள்வி – பதில்: சுற்றுலா

கேள்வி: எந்தப் பெரிய நகரத்தில் இறங்கினாலும் விமான நிலைய வாசலிலேயே டாக்ஸிக்காரர்கள் மொய்த்துவிடுகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் யாரோ ஒருவர் பின்னால் போய்விடுகிறோம், அப்புறம் விசாரித்தால் இரண்டு மடங்கு கொடுத்திருப்பது தெரிகிறது. இதற்கு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது, ஆனால் அதை விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். சுற்றுலாப் பயணிகள் குவிகிற பல நகரங்களில் விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக அரசே கட்டணத்தை நிர்ணயித்து வைத்திருக்கிறது, நம்மில் பாதிப் பேர் அதைத் தேடிப் பார்ப்பதில்லை. பாரிஸில் சார்ல் த கோல் நிலையத்திலிருந்து சேன் நதியின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65 யூரோ. 2025இல் இருந்த கணக்கு இது, நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றாலும் மாறாது. நியூயார்க்கில் ஜே.எஃப்.கே.யிலிருந்து மன்ஹாட்டனுக்கு மஞ்சள் டாக்ஸி 70 டாலர், இதற்கு மேல் சுங்கம், சில கூடுதல் கட்டணங்கள், டிப்ஸ் எல்லாம் தனி. ரோமில் ஃபியூமிசினோவிலிருந்து 55 யூரோ. ஆனால் ரோம் கட்டணம் பழைய மதில் சுவருக்கு உட்பட்ட பகுதிக்கு மட்டும்தான். உங்கள் ஹோட்டல் மதிலுக்கு வெளியே ஒரு தெரு தள்ளி இருந்தாலும் இந்தத் தொகையைக் காட்டி வாதாட முடியாது. அதனால் ஹோட்டல் முகவரியையும் சேர்த்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியில் ஏறுவதற்கு முன்னால், பெட்டி இன்னும் உங்கள் கையில் இருக்கும்போதே, “ஃபிக்ஸட் ஃபேர், 56, சரிதானே?” என்று கேளுங்கள். தலையாட்டினால் ஏறுங்கள், வேறு கதை ஆரம்பித்தால் அடுத்த வண்டி. நிலையத்துக்குள்ளேயே வந்து, “டாக்ஸி, டாக்ஸி” என்று காதோரம் சொல்பவருடன் மட்டும் எந்த ஊரிலும் போகவே போகாதீர்கள். முறையாக ஓட்டுபவர் வெளியே வரிசையில்தான் நிற்பார். இன்னொன்று, கூடுதலாகக் கேட்பதெல்லாம் ஏமாற்று ஆகிவிடாது. பாங்காக் விமான நிலையத்தில் மீட்டருக்கு மேல் 50 பாட் கேட்பார்கள், அது அங்கே முறைப்படி உள்ள கட்டணம்தான். அதற்காகச் சண்டை போட்டுவிட்டு, மீட்டரே போடாமல் மொத்தமாகப் பேசி ஓட்டுபவரிடம் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

கேள்வி: வெளிநாட்டில் கார்டைத் தேய்த்தால் “உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த நாட்டுப் பணத்திலா?” என்று மெஷின் கேட்கிறது. நம் பணத்தில் என்றால் கணக்கு புரியுமே என்று அதையே அமுக்குகிறேன். சரியா?

பதில்: தப்பு, அதுவும் பயணம் முழுக்க திரும்பத் திரும்ப நடக்கிற தப்பு. நம் பணத்தில் என்று அமுக்கியதும் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது உங்கள் வங்கி அல்ல, அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அது தன் லாபத்தை விகிதத்துக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கும், ரசீதில் கமிஷன் என்று தனியாக எதுவும் இல்லாமலும் போகலாம். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். சில கடைகளில் ஊழியரே நமக்காக அமுக்கிவிட்டு மெஷினை நீட்டுவார், அதனால் பின் நம்பர் போடுவதற்கு முன் திரையில் எந்தப் பணத்தில் தொகை நிற்கிறது என்று பாருங்கள். ஏடிஎம்மில் இன்னும் தந்திரமாகக் கேட்பார்கள்: “இந்த விகிதத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா?” மறுத்தால் பணமே வராதோ என்று பயந்து ஏற்றுவிடுகிறோம். மறுங்கள், பணம் வரும்.

“கமிஷன் இல்லை” என்று பெரிதாகப் போர்டு வைத்த பணமாற்றுக் கடைகளும் இதே ரகம். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் கமிஷன் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிராக் நகரில் இந்தத் தொல்லை முற்றிப்போய் 2019இல் செக் நாட்டில் சட்டமே வந்தது. அங்கே கடையில் மாற்றிய பணத்தை, 1000 யூரோ மதிப்பு வரை, மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய்த் திருப்பிக் கொடுத்து ரத்து செய்துகொள்ளலாம். ஆக, ரசீதைக் கசக்கி எறியாதீர்கள்.

கேள்வி: வெனிஸில் சான் மார்கோ சதுக்கத்தில் ஒரு காபி குடித்தோம். பில்லில் இசைக்கு என்று தனியாகப் போட்டிருந்தார்கள்! பகல் கொள்ளை இல்லையா?

பதில்: மெனு அட்டையில் எழுதியிருந்ததா? பெரும்பாலும் எழுதியிருப்பார்கள், படிக்காமல் உட்கார்ந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்! இத்தாலியில் கவுன்ட்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் வேறு விலை, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு மேஜைக் கட்டணம். அந்த நாற்காலிக்கும் சதுக்கத்துக்கும் வாடகை கொடுத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆசை இருந்தால் ஒரு முறை உட்காரலாம், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

நான் பயப்படுவது மீனுக்குத்தான். மெனுவில் ஏதோ சல்லிசாகத் தெரியும் ஒரு எண், பக்கத்தில் பொடி எழுத்தில் “100 கிராமுக்கு”. முழு மீனாகப் பொரித்து வந்து வைப்பார்கள், அது ஒரு கிலோவைத் தாண்டியிருக்கும், அந்த எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். சமைப்பதற்கு முன்பே எடை என்ன, மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அப்புறம், கோண்டோலாவுக்கு அரசு நிர்ணயித்தது பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, இரவில் 110. இது படகுக்கு, தலைக்கு அல்ல, ஐந்து பேர் வரை ஏறலாம். இருவராகப் போனால் இன்னொரு குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு? படகில் ஏறிய சந்தோஷம் மட்டும் போதும் என்றால் பெரிய கால்வாயைக் குறுக்கே கடக்க வைக்கும் டிரகெட்டோ என்ற படகு இருக்கிறது, வெளியூர்க்காரர்களுக்கு 2 யூரோ. சில நிமிடத்தில் அக்கரை வந்துவிடும், அவ்வளவுதான்.

கேள்வி: அருங்காட்சியகங்களில் வெளிநாட்டவருக்கு மட்டும் அதிகக் கட்டணம் வாங்குவது என்ன நியாயம்?

பதில்: நியாயம் பற்றி நிறையப் பேசலாம், கவுன்ட்டரில் பேசிப் பயனில்லை. தாஜ்மகாலில் இந்தியருக்கு 50 ரூபாய், வெளிநாட்டவருக்கு 1100. பாங்காக் அரண்மனையில் வெளிநாட்டவருக்கு 500 பாட், தாய்லாந்துக்காரர்களுக்கு இலவசம். ஐரோப்பியப் பொருளாதார வட்டத்துக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் அதோடு சேர்ந்த சில நாடுகளும்) வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகமும் 32 யூரோ ஆக்கிவிட்டது. இதெல்லாம் அச்சடித்த விலை, மனசைத் தேற்றிக்கொண்டு கொடுக்க வேண்டியதுதான். ஏமாறும் இடம் கவுன்ட்டருக்கு முன்னால் இருக்கிறது. தேடுபொறியில் முதலில் விளம்பரமாக வந்து, அசல் தளம் போலவே தோற்றம் காட்டி, அதே டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்கும் தளங்கள் ஒரு பக்கம். பாங்காக் அரண்மனைக்குப் போகும் வழியில் நின்று, “இன்று மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்” என்று சிரிப்பவர் மறுபக்கம். அவர் கைகாட்டும் டுக்-டுக், அதாவது அந்த ஊர் ஆட்டோ, கடைசியில் ஒரு ரத்தினக் கடையில்தான் போய் நிற்கும். வாசல் வரை நடந்து போய் நீங்களே பாருங்கள்.

இலவச நாட்களும் உண்டு, வத்திக்கான் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு போல. ஆனால் அந்த வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும், அதையும் விலையாகத்தான் கணக்குப் போட வேண்டும்.

கேள்வி: ஹோட்டல் முன்பதிவில் ஒரு தொகை, அங்கே போனால் இன்னொரு தொகை. ஏன்?

பதில்: ஐரோப்பிய நகரங்களில் பலவற்றில் நகர வரியைத் தனியாக வாங்குவார்கள், அது அசல் வரிதான். அமெரிக்காவில் ஹோட்டல் வசதிகளுக்கான கட்டணம், “ரிசார்ட் ஃபீ”, என்று கடைசியில் ஏற்றுவது வழக்கமாக இருந்தது. மொத்தக் கட்டணத்தை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே மாதம் அங்கே அமலுக்கு வந்திருக்கிறது.

கேள்வி: என் கணவர் சந்தையில் இரண்டு யூரோவுக்காக அரை மணி நேரம் பேரம் பேசுகிறார். பக்கத்தில் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். உண்மையா?

பதில்: அந்தப் பாதிக் கணக்கு உங்கள் கணவருக்கு முன்னால் கடைக்காரருக்குத் தெரியும், அதனால்தான் அவர் நான்கு மடங்கில் ஆரம்பிக்கிறார். ஒரே பொருளை மூன்று கடைகளில், வாங்கும் உத்தேசமே இல்லாத மாதிரி, விலை மட்டும் கேட்டுவிட்டு நகரச் சொல்லுங்கள். நகரும்போது பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொல்கிற விலைதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கும். வாங்கும் எண்ணம் இல்லையென்றால் வாயால் ஒரு தொகையைச் சொல்லவே கூடாது, சொல்லிவிட்டு நகர்வதுதான் மரியாதைக் குறைவு. அந்த அரை மணி நேரத்துக்கு நீங்கள் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து காபி குடியுங்கள், விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு.